பதக்கம் வாங்காதவர் பெயரில் விருது

கே: ஸ்லோவேனியா அரசு தரும் உயரிய விளையாட்டு விருது, ஒலிம்பிக் பதக்கமே வாங்காத ஒரு என்ஜினீயர் பெயரில் இருக்கிறதாமே! அந்த நாட்டில் சாம்பியன்களுக்கா பஞ்சம்?

ப: பஞ்சமே இல்லை. யுகோஸ்லாவியாவுக்குள் ஒரு குடியரசாக இருந்த காலத்திலேயே, 1965இல், அந்த விருதை ஏற்படுத்தினார்கள். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் லியோன் ஷ்டூகெல் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் என்ஜினீயர் ஸ்டாங்கோ ப்ளௌடெக் பெயரைத்தான் வைத்தார்கள். சரியான தேர்வு என்பேன். விமானங்களை வடிவமைத்தவர் அவர். தலைநகர் லுப்லியானாவின் இலிரியா நீச்சல்குளமும் அவர் கைவண்ணமே. அவர் புகழ் நிலைத்ததோ பிளானிட்சா பள்ளத்தாக்கின் ஸ்கீ ஜம்பிங் சரிவில். 1936இல் ஆஸ்திரியாவின் செப் பிராடல், உலகிலேயே முதன்முதலாக 100 மீட்டரைத் தாண்டிப் பறந்தது அங்கேதான். துணிச்சல் பிராடலுடையது, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் பறந்தவர் கால் முறியாமல் இறங்க வேண்டுமானால், கீழே உள்ள சரிவும் அவர் பறக்கும் பாதையை ஒட்டியே சாய்ந்து வர வேண்டும். சமதரையில் விழுந்தால் சாதனையும் இல்லை, ஆளும் இல்லை. அந்தச் சாய்வைக் கணக்கிட்டவருக்குச் சாதனையில் பாதிப் பங்கு உண்டு.

கே: வியர்வை சிந்துவது ஒருவர், மகுடம் இன்னொருவருக்கா?

ப: வீரரின் மகுடத்தை யாரும் பறிக்கவில்லை. உலக அரங்கில் வென்றவர்களுக்கும் ப்ளௌடெக் விருது உண்டு, விளையாட்டை வளர்த்தவர்களுக்கும் உண்டு. சுமார் 21 லட்சம் பேர் வாழும் நாடு அது. திறமைசாலி ஒருவரைத் தவறவிட்டால் அடுத்தவருக்கு எங்கே போவது? பயிற்சிக்கு இடம் அமைத்துத் தருபவரை அங்கே ஓரங்கட்ட முடியாது. மலையும் பனியும் இயற்கை கொடுத்ததுதானே என்பீர்கள். அவை ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும்கூட இருக்கின்றன. அவற்றைச் சரிவாக மாற்றக் கட்டுபவர்கள் வேண்டும். பிளானிட்சா பள்ளத்தாக்கிலேயே 1969இல் கோரிஷெக் சகோதரர்கள் இன்னும் பெரிய சரிவைக் கட்டினார்கள். 2025இல் டோமென் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்து உலக சாதனை படைத்தது அதில்தான்.

எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. பிராடல் பறந்த சரிவை 1934இல் முதலில் கட்டியவர் இவான் ரோஷ்மான். அதைப் பெரிதாக்கியவரே ப்ளௌடெக். நெடுங்காலம் முழுப் பெருமையும் ப்ளௌடெக்குக்கே போனது. கட்டியவர்களை மதிக்கும் விருது என்றால், ரோஷ்மான் பெயருக்கும் அதில் ஓர் இடம் தர வேண்டும்.