கேபிளின் இரு முனைகள்

1998இல் திண்டுக்கல்லில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு டிப்ளமாவில் சேர்ந்தேன். ஓராண்டுப் படிப்பு. பிளஸ் டூ முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் என எல்லோரும் ஒரே பெஞ்சில். காலையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிவிட்டு வருகிற அண்ணன் ஒருவர் இருந்தார். பெரிய கல்லூரிகளின் கட்டணமும் மதிப்பெண்ணும் எங்களில் யாருக்கும் எட்டாதவை.

பதிவு செய்யக் கற்றுக்கொண்டோம், ஆனால் ஒலிபரப்ப எங்களுக்கு அலைவரிசை கிடையாது. ஊரில் டீக்கடைக்கு டீக்கடை கொடைக்கானல் பண்பலை பாடிக்கொண்டிருந்தது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மலையில் நிற்கிற கோபுரத்துக்குக் கீழே எத்தனையோ மாவட்டங்கள் விரிந்து கிடந்தன. நாங்கள் தயாரித்ததோ மதிய இடைவேளையில் கல்லூரி வராந்தா ஸ்பீக்கரில் ஒலிக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி நாற்பது ஐம்பது பேர் கேட்பார்கள். வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தித்தாள் துண்டை எங்கள் ஆசிரியர் ஸ்டுடியோ கதவில் ஒட்டிவைத்திருந்தார். வானொலியிலிருந்து ஓய்வு பெற்றவர். "வரும், தயாரா இருங்க" என்பார். நாங்களும் அதை முழுமையாக நம்பினோம்.

ஸ்டுடியோவில் இருந்தது கால் அங்குல அகல ஸ்பூல் டேப். விநாடிக்கு 7.5 அங்குல வேகத்தில் ஓடும். 1200 அடிச் சுருள் 32 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு சுருளையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக் கேட்க வேண்டும். சொல்லின் முதல் எழுத்து உறுமலாகத் தலைகாட்டும். அங்கே மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, அடுத்த துண்டோடு சேர்த்துப் பின்புறம் டேப் ஒட்டுவோம். வெட்டிய துண்டுகளை வரிசை மாறாமல் மேஜை விளிம்பில் ஒட்டி வைப்போம், ஒவ்வொன்றிலும் சீட்டு. ஒலிக்கு நீளம் உண்டு என்பதைக் கையால் உணர்ந்த காலம் அது.

ஒரு பூட்டுப் பட்டறையில் பதிவு செய்த நிகழ்ச்சியை மறக்க முடியாது. மாங்காய்ப் பூட்டு செய்கிற பெரியவர் அரத்தால் சாவியை ராவிக்கொண்டே பேசினார். உங்களுக்குப் பிறகு வீட்டில் யார் இந்தத் தொழிலைச் செய்வார்கள் என்று கேட்டோம். அரம் நின்றது. நான்கு விநாடி கழித்துத்தான் பதில் வந்தது. அந்த நான்கு விநாடி டேப்பில் 30 அங்குலம். நேரம் மிச்சமாகும், வெட்டிவிடலாம் என்றாள் தோழி ஒருத்தி. ஆசிரியர் அந்தத் துண்டைக் கையில் நீட்டிப் பிடித்து, "இதுலதாம்மா அவரு பதிலே இருக்கு" என்றார். அப்படியே வைத்தோம். மதியம் வராந்தாவில் அந்த இடம் வந்தபோது சோற்றில் வைத்த கை எடுக்காமல் கேட்டவர்களை நான் பார்த்தேன்.

தொலைக்காட்சிப் பாடத்துக்கு யூமேட்டிக் வீடியோ கேசட் கருவி. வேறு நிறுவனம் கழித்த பழைய செட். கேமரா தனி, ரிக்கார்டர் தனி, நடுவே கேபிள். கேமரா பிடிப்பவர் ஒருவர். ரிக்கார்டரைத் தோளில் சுமந்து ஹெட்போன் மாட்டி ஒலியை மட்டும் கேட்பவர் இன்னொருவர். இரண்டாமவர் கை காட்டினால் படப்பிடிப்பு நிற்கும்: லாரி ஹாரன், காற்று, பேசுகிறவரின் வளையல் மைக்கில் உரசுவது. கேபிள் நீளத்துக்கு மேல் ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாது. எடிட்டிங்கில் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுப்போம். நகலின் நகலில் நிறம் கசிந்துவிடும் என்பதால் எதை எடுப்பது, எதை விடுவது என்று முதலில் காகிதத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு எல்லாப் பதிவையும் முழுதாகக் கேட்டாக வேண்டும்.

ஆசிரியர் சொன்னது நடந்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 பண்பலை தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை என்று ஒரு நிலையம் இருக்கிறது. சமுதாய வானொலியின் கோபுரம் அதிகபட்சம் 30 மீட்டர்தான், சுற்றுப்புற ஊர்களுக்குத்தான் எட்டும். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க விதி இடம் கொடுப்பதில்லை. அந்த விதி மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருந்தாலும் பாம்பன் மீனவர் தன் பேச்சிலேயே கடலைப் பற்றிப் பேச அங்கே ஒரு மைக் இருக்கிறதே, அதற்காக மனம் நிறைகிறது.

இப்போது அதே கல்லூரியில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். அன்று ஓர் அறை முழுக்க அடைத்திருந்த கருவிகளின் வேலையை இன்று ஒவ்வொரு மாணவரின் செல்போனும் செய்கிறது. கட்டணம் கட்டத் திணறும் வீட்டுப் பெண், பேருந்திலேயே உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியை எடிட் செய்து முடிக்கிறாள். இதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பழைய பிளேடை ஏக்கத்தோடு நினைப்பதும் இல்லை.

எனக்குக் கவலை வேறு. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் ஒரு மாணவி பேட்டி எடுத்து வந்தாள். பூ வியாபாரி அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது, ஆனால் சந்தையைக் காணோம். விலை கேட்கும் கூச்சல், மூட்டை இழுபடும் ஓசை, டெம்போ எல்லாவற்றையும் இரைச்சல் என்று போனே வடிகட்டிவிட்டது. நாங்கள் அந்த ஓசைக்காகவே தனியாக ஒரு சுருள் எடுத்துப் போவோம். மிச்சமிருந்த இடைவெளிகளை எடிட்டிங் செயலியில் உள்ள, மௌனத்தை நீக்கும் பொத்தான் விழுங்கியிருந்தது. அந்த அம்மா எந்தக் கேள்விக்கு யோசித்தார், எதற்குச் சட்டென்று பதில் சொன்னார் என்பது இனி யாருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்துவதற்குமுன் அந்தப் பதிவை யாராவது ஒருமுறை முழுதாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் வகுப்பில் ஒரு விதி வைத்தேன். இரண்டு இரண்டு பேராகத்தான் வெளியே போக வேண்டும். ஒருவர் போனைப் பிடிக்கலாம், பேசலாம். மற்றவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது, காதில் ஹெட்போன் மட்டும். வடிகட்டியை அணைத்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். செயலியைத் திறக்குமுன் இருவரும் முழுதாகக் கேட்டுக் காகிதத்தில் குறிப்பெடுக்க வேண்டும்.

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு மேடம் இன்னொரு ஆளு?" என்று கேட்டான் ஒரு பையன்.

அவனையே ஹெட்போனோடு அந்த மாணவியுடன் நிலக்கோட்டைக்கு அனுப்பினேன். மூன்று இடத்தில் பதிவை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். ஓரிடத்தில் அந்த அம்மா விலையைச் சொல்லாமல் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்ததை அவன்தான் கேட்டுக் குறித்திருக்கிறான். அந்தச் சிரிப்பை வைக்கலாமா கூடாதா என்று இருவருக்கும் ஒரு மதியம் முழுக்க வாக்குவாதம். காரணம் தெரியாமல் வைக்கக் கூடாது என்கிறாள் அவள். காரணத்தைக் கேட்டுவர நாளை அதிகாலைச் சந்தைக்கு மறுபடி போகிறார்கள். ஹெட்போன் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.