பரணியல்: ஓர் அறிமுகம்

தமிழ்க் குடும்பத்தின் சொத்தை ஆராய்ந்தவர்கள் நகை, நிலம், வைப்புநிதி என்பதோடு நின்றுவிட்டனர். சமையலறைக்கு மேலே, கூரைக்கு இரண்டடி கீழே கிடக்கும் பரணை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

பரண்வாழ் பொருட்களுள் தலையாயது பெயர் வெட்டிய எவர்சில்வர் அண்டா. இதை யாருக்கும் கொடுக்க இயலாது. கொடுத்தால் இன்னொருவர் வீட்டுப் பந்தியில் நம் பெரியப்பா பெயரில் சாம்பார் ஊற்றுவார்கள். அடுத்தது, பழைய வேட்டியில் சுற்றிய கொலு பொம்மைகள். நவராத்திரிதோறும் இறங்கி ஏறுவதால் இவை குப்பையல்ல என்பது ஆய்வாளர் துணிபு. மூன்றாவது இனமே ஆய்வுக்குரியது: டிவி வந்த அட்டைப்பெட்டி. வீடு மாற்றும்போது வேண்டியிருக்கும் என்று வைத்தது. டிவி போய்விட்டது. வீடும் மாறியாயிற்று. பெட்டியை மட்டும், உள்ளே தெர்மாகோலும் தாம்பூலப் பைகளுமாக, வண்டியேற்றிக் கொண்டுவந்து புதுப் பரணில் குடிவைத்தார்கள்.

இச்சிக்கலுக்குத் தீர்வு தேடி ஜப்பான் வரை போகிறவர்கள் உண்டு. சீர்காழி வரை போனால் போதும். அங்கே 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல் பயன்படவே இருக்கிறது என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே போகும் உயிரி என்பது ஐந்தாவது. நம் வீடுகள் ஐந்தாவது விதியை மட்டும் சிரத்தையாகக் கடைப்பிடிக்கின்றன.

நான்காவது விதியைக் கத்தரிக்கோலில் சோதிக்கலாம். தேடிக் கிடைக்காத கத்தரிக்கோலுக்குப் பதில் புதிது வாங்குவதும், வாங்கிய மாலையே பழையது சோபாவுக்கு அடியில் தென்படுவதும் உலக வழக்கு. பொருளை அழகான இடத்தில் வைப்பதைவிட, கை அதை முதலில் தேடும் இடத்தில் வைப்பதே முறை: பால் கவர் வெட்டுவது அடுப்படியில், பார்சல் பிரிப்பது வாசலருகே. அலுவலக மேசைக்கும் இதுவே. அன்றாடம் தொடுவது கைக்கெட்டும் தூரத்தில். மாதம் ஒருமுறை தொடுவது இழுப்பறையில். சார்ஜர் வயர் ஒவ்வொன்றிலும் எந்தக் கருவிக்கு என்று எழுதிய ஒட்டுத்தாள். கருவி செத்திருந்தால் வயருக்கும் அன்றே விடை கொடுக்கலாம். கடை பில்லை வாரண்டிக்காகப் பத்திரப்படுத்துவோர் கவனிக்க: வெப்பத்தாளில் அச்சிட்டது நாளடைவில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் பிடித்து வைப்பது நலம்.

முதல் விதிக்கு ஒரு சோதனை உண்டு. பரணில் ஏறாமல், கீழே நின்றபடி, மேலே என்னென்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பட்டியலில் வராதவை இல்லாமலே வீடு நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் முறை தெரிந்தும் பரண் காலியாவதில்லை. காரணம் நிர்வாகம் சார்ந்தது. நூலகத்தில் எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க ஓர் அதிகாரி உண்டு. வீட்டில் எல்லோருக்கும் இருப்பது தடையுத்தரவு போடும் உரிமை மட்டுமே. ஒருவர் எடுத்தால் இன்னொருவர் “அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்பார், மேல்முறையீடு கிடையாது. போகிப் பண்டிகைகூட இங்கே செல்லாது. அன்று வெளியேறுவது கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும்தான். சென்னையில் புகை மட்டும் விமானங்களைத் தாமதப்படுத்துமளவு எழுகிறது.

எனவே பரிந்துரை ஒன்றே: ஓர் அலமாரிக்கு ஒருவரே நூலகர். அவர் தீர்ப்பில் மற்றவர் தலையிடலாகாது. பரணில் தொடங்காதீர்கள், அங்கே பெரியப்பா இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை மேசை இழுப்பறை ஒன்றைத் தரையில் கவிழ்த்து, செத்த பேட்டரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். பழைய பேப்பர்காரர் வரும்போது அட்டைப்பெட்டியையும் போட்டுவிடுங்கள்.