எபிக்டெட்டஸிடம் ஒரு கதை டிஸ்கஷன்

(கிரேக்க நாட்டு நிக்கோபொலிஸ். ரோமப் பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளைத் துரத்தியடித்ததால் இங்கே வந்து, சினத்துக்கும் துயரத்துக்கும் ஆட்படாதே என்னும் ஸ்டோயிக் தத்துவத்தைப் பாடம் நடத்துகிறார் எபிக்டெட்டஸ். முன்னாள் அடிமை, கால் ஊனம். எதிரே, காலம் கடந்து வந்த சினிமாக் கதாசிரியர். எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள், சினிமாக்காரர்.)

கதாசிரியர்: ஐயா, நம்ம ஹீரோ பக்கா ஸ்டோயிக். சிரிக்க மாட்டான், அழ மாட்டான். குண்டு பாஞ்சாலும் புருவம் அசையாது.

எபிக்டெட்டஸ்: சிலைக்கும்தான் அசையாது, தம்பி. உள்ளே எப்படி?

கதாசிரியர்: எரிமலை! பெண்டாட்டி பிள்ளையைக் கொன்னவனைப் பழிவாங்கணுமே! 2000-ல வந்த 'கிளாடியேட்டர்' மாதிரி. உங்க உரைகளைப் படிச்சு வளர்ந்த பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் அதுல மகனை ஒதுக்கிட்டு, நம்ம ஹீரோவைத்தான் நம்புறாரு.

(நிஜ மார்க்கஸ் 177-லேயே மகன் கொமோடஸைக் கூட்டுப் பேரரசனாக்கிவிட்டார். அதைப் படமாக்கினால் முதல் ரீலிலேயே கதை படுத்துவிடும்.)

எபிக்டெட்டஸ்: சினம் ஆகாதென்று எங்கள் ஸ்டோயிக் செனெகா மூன்று புத்தகம் எழுதினார். உன் ஆள் சினத்தை விட்டவன் இல்லை. தவணை போட்டு வைத்திருப்பவன்.

கதாசிரியர்: செனெகாவா? அவரோட 'தையஸ்டீஸ்' நாடகத்துல அண்ணன்காரன் தம்பி பிள்ளைகளைச் சமைச்சுத் தம்பிக்கே பரிமாறுறான். 'மெடியா'வுல பெத்தவளே பிள்ளைகளைக் கொல்றா. கட்டுரையில கோபம் கூடாது, நாடகத்துல கோபம் இல்லாம ஓடாது. அவரு நம்ம ஆளு, ஐயா!

எபிக்டெட்டஸ்: (தொண்டையைச் செருமி) அவர்களுக்குக் கைதட்டச் சொல்லி அவர் எழுதவில்லை. மெடியா வழி தெரியாமல் போனவள். எனக்கு அவள்மேல் பரிதாபம்தான்.

கதாசிரியர்: பரிதாபத்துக்கு டிக்கெட் போகாது. உங்க வாழ்க்கையில நடந்ததா ஒண்ணு சொல்லுங்க.

எபிக்டெட்டஸ்: வீட்டுச் சாமிகள் முன்னால் இரும்பு விளக்கு ஒன்று வைத்திருந்தேன். திருடு போய்விட்டது.

கதாசிரியர்: (துள்ளி எழுந்து) ஆரம்பமே அமர்க்களம்! திருடனைத் துரத்தினீங்க...

எபிக்டெட்டஸ்: மண்விளக்கு வாங்கினேன்.

கதாசிரியர்: அப்புறம்?

எபிக்டெட்டஸ்: ஏற்றினேன்.

கதாசிரியர்: க்ளைமாக்ஸ்?

எபிக்டெட்டஸ்: ஏற்றினேன் என்றேனே.

கதாசிரியர்: (குறிப்பேட்டைப் புரட்டி) இருங்க, லூசியன்னு ஒரு நையாண்டி எழுத்தாளர் ஒண்ணு எழுதியிருக்காரு. நீங்க போன பிறகு அந்த மண்விளக்கை ஒருத்தன் 3,000 டிராக்மா கொடுத்து வாங்கினானாம். அந்த வெளிச்சத்துல படிச்சா உங்க ஞானம் தனக்கும் வந்துடும்னு.

எபிக்டெட்டஸ்: வந்ததா?

கதாசிரியர்: அதை விடுங்க ஐயா. விளக்கோட ரைட்ஸ் இப்ப யார்கிட்ட இருக்கு?