குடிக்கிறதுன்னா குடி, மருமவனே

மருமவனே, டல்லாஸுல இருந்து நீ போன்ல சொன்னதைக் கேட்டு மாமனுக்குப் புல்லரிச்சுப் போச்சு. வெள்ளியைப் பொடியிலும் பொடியாக்கித் தண்ணில மிதக்கவிட்டுக் குடிக்கியாம்ல! கொலாய்டல் சில்வராம். சளி, சர்க்கரை, புத்துநோய் எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்தானாம். நாங்க இங்க பருத்திக்கு ஒண்ணு, மிளகாய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியா மருந்தடிச்சுக்கிட்டுக் கெடக்கோம். விவரம் பத்தலை.

தாராளமாக் குடி. ஆனா பாஸ்போர்ட்டுக்கு இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்க. மொண்டானாவுல ஸ்டான் ஜோன்ஸ்னு ஒருத்தரு, 2002ல செனட் தேர்தலுக்கு நின்னவரு. 2000 பொறந்தா கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துரும், ஆன்டிபயாடிக் கிடைக்காதுன்னு பயந்து 1999லயே வீட்டுல வெள்ளித்தண்ணி தயாரிச்சுக் குடிக்க ஆரம்பிச்சாரு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலை. இவரு முகந்தான் நீலம் பாஞ்சு சாம்பலாயிருச்சு. தேர்தல்ல தோத்தாரு, ஆனா நாடு முழுக்கத் தெரிஞ்ச முகமாயிட்டாரு. உனக்கும் அப்படி யோகம் அடிச்சா ஊருக்கு வா. நாடகத்துல கிருஷ்ண வேசம் உனக்குத்தான், அரிதாரச் செலவு மிச்சம்.

வெயில்ல மட்டும் தலையைக் காட்டிராத. பழைய போட்டோ பிலிம்ல இருந்தது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டாக் கருக்கும். கழிவோட போனது போக மிச்ச வெள்ளி தோலுக்கு அடியில தங்கி, அங்கயும் அதே சோலியைப் பாக்கும். அதனாலதான் முகமும் கையும் முதல்ல மாட்டிக்கிடுது. ஆர்கிரியான்னு பேரு வச்சிருக்காங்க. எந்தச் சோப்புக்கும் போகாது, பெரும்பாலும் ஆயுசுக்கும் நிக்கும். உன் வீட்டுக்காரி தைராய்டு மாத்திரை போடுதாள்ல, அவளுக்கு ஊத்திக் கொடுத்துராத. அந்த மாத்திரையை உடம்புல சரியாச் சேரவிடாது. சில ஆன்டிபயாடிக்குக்கும் அதே கதிதான்.

'வெள்ளி கிருமியைக் கொல்லும்லா'ன்னு கேப்ப. கொல்லும், பொய்யே இல்லை. சூதே அங்கதான் இருக்கு. ஜெர்மனி லைப்சிக்ல கிரெடேன்னு ஒரு டாக்டர், 1880கள்ல பொறந்த புள்ளைக கண்ணுல வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ கண்ணைக் காப்பாத்தினாரு. தீக்காயத்துக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு இன்னைக்கும் பூசுதாங்க. எல்லாம் மேலுக்குப் போடுறது. வெளிய பார்த்த வேலைக்கு வயித்துக்குள்ள கூலி கேக்கான் உன் யாவாரி.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999லயே சொல்லிருச்சு: கடையில சீட்டில்லாம விக்கிற இந்த வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானதுன்னும் ஏத்துக்க முடியாது, பலன் தரும்னும் ஏத்துக்க முடியாதுன்னு. யாவாரி லேசுப்பட்டவனா? மருந்துன்னு சொன்னாத்தானே வம்பு, சத்துணவுன்னு சீட்டு ஒட்டிட்டான். கொரோனா வந்ததும் அந்தச் சீட்டையும் மறந்துட்டானுக. டிவி பிரசங்கி ஜிம் பேக்கர் நிகழ்ச்சியில வெள்ளிக் கரைசல் விக்கப்போயி, 2020 மார்ச்சுல அரசாங்கத்துக்கிட்ட இருந்து எச்சரிக்கைக் கடுதாசி வந்துச்சு. மிசௌரி மாநிலம் வழக்கும் போட்டுச்சு. தப்பை ஒத்துக்கிடலை, ஆனா 2021ல சுமார் 1,56,000 டாலரை வாங்கினவங்களுக்குத் திருப்பித் தர்றதா ஒப்பந்தம் ஆச்சு. காசு திரும்பிரும். உள்ள போன வெள்ளி திரும்புமா?

மாமனுக்கும் வெள்ளி மேல நம்பிக்கை உண்டு, மருமவனே. அந்தப் பாட்டில் காசுக்கு உன் வீட்டுக்காரிக்கு ஒரு கொலுசு வாங்கிப் போடு. கையிருப்பு வத்தினா, அதை வச்சு ரெண்டாயிரமோ மூவாயிரமோ புரட்டலாம். நீ குடிச்ச வெள்ளிக்கு எந்த அடகுக்கடைக்காரன் சீட்டெழுதுவான், சொல்லு?