ரிப்போர்ட் சர்வர் உரிமைகள்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

எந்த அறிக்கையை யார் பார்க்கலாம் என்பதற்கு அலுவலகங்களில் இரு மரபுகள் உண்டு. வாய்மொழி மரபு, “எல்லாருக்கும் வருது சார், எனக்கு மட்டும் ஓப்பன் ஆகல” என்பது. ஏட்டு மரபு, எஸ்க்யூஎல் சர்வரில் ‘ரிப்போர்ட்சர்வர்’ என்னும் தரவுத்தளத்தில் கிடக்கிறது. இவ்வாய்வு பின்னதையே சான்றாகக் கொள்ளும்.

மூலம் நான்கு சுவடிகளாக, அதாவது டேபிள்களாக, சிதறியுள்ளது. கேட்டலாக்கில் அறிக்கைகளும் கோப்புறைகளும், யூசர்ஸில் ஆட்கள், ரோல்ஸில் பிரவுசர், பப்ளிஷர், கன்டென்ட் மேனேஜர் முதலிய பதவிகள். இவற்றை முடிச்சுப் போடுவது பாலிசியூசர்ரோல். இவற்றை நேரடியாகத் துருவுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அதற்காகக் கையைக் கட்டி நின்ற டிபிஏ எவரையும் யாம் கண்டிலம். ஹோம் கோப்புறையின் பாதை வெறுமையாக இருப்பது ஏடு செல்லரித்ததால் அன்று, அமைப்பே அப்படி.

கோப்புறையின் உரிமை உள்ளிருக்கும் அறிக்கைகளுக்கு வழிவழியாக இறங்கும் என்பது விதி. கேட்டலாக்கின் பாலிசிரூட் பத்தியில் 1 என்றிருந்தால் அவ்விடத்தில் மரபு அறுந்து, தனி உரிமை புகுந்துள்ளது. இத்தகைய இடைச்செருகல்களின் காலம், “இப்போதைக்குக் குடுத்துடுப்பா, அப்புறம் எடுத்துக்கலாம்” என்று மேனேஜர் சொன்ன ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்பது எம் துணிபு. அப்புறம் என்னும் காலம் எச்சுவடியிலும் பதிவாகவில்லை.

குழுப்பெயர்கள் இன்னும் கடினம். ஆக்டிவ் டைரக்டரிக் குழு, கல்யாணப் பத்திரிகையின் ‘சுற்றமும் நட்பும்’ போல, ஒரே வரியில் அடங்கிவிடும். உள்ளே மூவரா, முந்நூறு பேரா என்று மூலம் சொல்லாது. ஆடிட்டரோ ஆள் பெயர் கேட்பார். போதாக்குறைக்கு, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை எந்தக் கோப்புறையோடும் ஒட்டியதன்று. கேட்டலாக்கிலிருந்து ஜாயின் போடத் தொடங்கியவர் பட்டியலில், எல்லாவற்றையும் மாற்ற வல்லவர் மட்டும் இருக்கமாட்டார்.

பார்க்கக்கூடியவர் வேறு, பார்த்தவர் வேறு. பின்னவரை அறிய எக்ஸிகியூஷன்லாக்3 என்னும் வியூ உண்டு. எவரும் மாற்றாவிட்டால் 60 நாள் வரலாறுதான் அதில் இருக்கும். அதை நம்பி, “பயன்படுத்தாதோர்” எனப் பெயர்களை நீக்கப் புகுவோர், மார்ச் மாதம் மட்டும் அறிக்கை திறக்கும் கணக்குப் பிரிவுத் தலைவரின் பெயரை முதலில் தேடி எடுத்துத் தனியே வைத்துவிடுவது நலம்.