பேர் வழங்கும் வள்ளல்

எஸ்.டி.பி.1 என்னும் திருநாமமே, உன் கொடைக்கு யார் நிகர்? கர்ணன்கூடக் கேட்டவனுக்குத்தான் கொடுத்தான். நீயோ கேளாமலே, முந்தி வந்தவனுக்கு உன்னையே கொடுக்கிறாய்.

லினக்ஸ் எழும்பும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு எஸ்.டி.ஏ., அடுத்ததற்கு எஸ்.டி.பி. நேற்றுப் பேக்கப் டிஸ்க்குக்கு இருந்த பேர் இன்று யாரோ செருகிவிட்டுப் போன பென்டிரைவுக்கு. காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்குப் பிந்தி வந்தாள் என்பதற்காக, வருகை பதியும் செக்ரோலில் ஒருத்தியின் பேரை இன்னொருத்திக்கு எழுதும் பெருந்தன்மை எந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கும் வந்ததில்லை. உனக்கு வந்திருக்கிறது.

எந்த டிஸ்க் எங்கே ஏறவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் உன்னை நம்பி எழுதியவர்களை நீ ஓய்வெடுக்க வைக்கும் கருணையும் பெரிது. 2022இல் இலங்கையில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை கரண்ட் இல்லை. லக்சபானவில் மின்சாரம் பிறக்கும் எங்கள் மலையிலும் இருட்டுத்தான். கரண்ட் வந்து கணினி எழும்பினால், காணாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருப்பு, பிறகு எமர்ஜென்சி மோட். அன்றைய வேலை அத்தோடு சரி.

அதே எஃப்எஸ்டேப் வரியில் சேர்க்கும் உன் தோழன் நோஃபெயில் இன்னும் இங்கிதமானவன். டிஸ்க் ஏறாவிட்டாலும் கணினியை எழுப்பிவிட்டு மூச்சுக்காட்டமாட்டான். பேக்கப் ஸ்கிரிப்ட் வெறும் கோப்புறைக்குள் எழுதிக்கொண்டே போகும். சிஸ்டம் டிஸ்க் நிரம்பும். திரையில் ‘முடிந்தது’ என்று வரும். நம் மனம் நோகக்கூடாது என்பதில் உங்கள் இருவருக்கும் அத்தனை அக்கறை!

அந்தப் பேக்கப் டிஸ்க்கில் இருப்பது என்ன? தாத்தாவின் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்த பிரஜாவுரிமைக் கடதாசிகள், பழைய செக்ரோல்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கடதாசியைக் காட்ட முடியாமல் மலையகத் தமிழராகிய நாங்கள் நாடற்றவர்களானோம். அப்படிப்பட்ட எங்களிடம் வந்து, பேர் யாருக்குப் போனால் என்ன என்று பாடம் நடத்துகிறாயே, அந்தத் துணிச்சலுக்கே ஒரு மாலை போடலாம்.

மலையகத்தில் ஆவணம் சேர்க்கும் தம்பி, தங்கைகளே, இந்த வள்ளலின் வாசலில் நிற்காதீர்கள். பிளாக்ஐடி கட்டளை டிஸ்க்குக்குக் காட்டும் யூயூஐடியை எஃப்எஸ்டேபில் எழுதுங்கள். எந்தக் கேபிளில் மாட்டினாலும் அது மாறாது. ஃபார்மேட் செய்தால் புதிதாகும். எழுதியதும் ‘மவுன்ட் -ஏ’ ஓட்டிப் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். நோஃபெயில் போட்டால், டிஸ்க் ஏறியிருக்கிறதா என்ற சோதனையைப் பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியாக வையுங்கள். ஏறாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். இன்றைக்கே செய்யுங்கள்.