இளவரசர் அமுது செய்தருளிய மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! அவரைக்காயை அடக்கி, புடலையைப் புறங்கண்டு, கத்தரியைக் களத்தில் வீழ்த்தி, பாகற்காயைப் பார்வையாலேயே நாடுகடத்தி, ரசத்தில் ஒளிந்திருந்த கறிவேப்பிலையையும் விடாது தேடிப் பிடித்து வெளியேற்றி, சோபாவில் வீற்றிருந்தருளிய என் தம்பி மகனார்க்கு யாண்டு நாலாவது.

இத்தனை வெற்றிகளும் அந்தப் பாலகர் ஒருவரே ஈட்டியவை என்று உலகம் நினைத்துவிடக் கூடாது. எந்தப் பேரரசும் தனியாள் கட்டியதில்லை. பின்னால் மன்னரும் அமைச்சரும் படையும் பண்டாரமும் இருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் உள்ள அந்த அரண்மனையில் ஒரு வாரம் விருந்தினனாகத் தங்கும் பேறு பெற்றேன். கண்டதைப் பாடாமல் போனால் தின்ற சோறு செரிக்காது.

முதற்கண் மன்னர் பெருமானின் புகழ். என் உடன்பிறந்தவன் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இரவு எட்டரை மணிக்கு அவர் உணவுக்கு அமர்ந்தருளும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். சாம்பாரில் கையிட்டதும் அவருடைய விரல்கள் பொற்கொல்லரின் இடுக்கியாக மாறும். கத்தரித் துண்டு ஒன்று, பூசணிப் பத்தை இரண்டு, தக்காளித் தோல், மிளகாய் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்குவார். பத்து நிமிடத்தில் செஞ்சிக் கோட்டையை நிகர்த்த ஒரு மதில் எழும்பிவிடும். மதிலுக்குள் வெறும் சோறு, அதன்மேல் அப்பளம். அந்த அப்பளத்தை நொறுக்கியபடியே மைந்தரை நோக்கி, "காய் சாப்பிடுடா கண்ணா, அப்பத்தான் பலம் வரும்" என்று உபதேசிப்பார். வாய் ஒன்று சொல்ல விரல் வேறொன்று செய்யும் இந்த அருங்கலையைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்க முடியுமா? முன்னத்தி ஏர் போன வழியில்தானே பின்னத்தி ஏர் போகும்! இளவரசர் தந்தையாரின் சொல்லைக் கேட்பதில்லை, விரலைப் பார்க்கிறார். கூர்த்த மதியுடைய பிள்ளை.

அடுத்து, அரசவையின் முதலமைச்சராகிய கைபேசியார். இவரைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்துவைத்துப் படத்தை ஓடவிட்டால் போதும், இளவரசரின் திருவாய் தானே திறக்கும். உள்ளே போவது சோறா, சுண்ணாம்பா என்ற விசாரம் அவருக்கு இல்லை. மென்றோமா, விழுங்கினோமா, வயிறு நிறைந்ததா என்ற அற்பக் கவலைகளிலிருந்தும் முற்றிலும் விடுதலை. முற்றும் துறந்த முனிவர்களும் எட்டாத நிலை அது. எட்டாம் மாதத்தில் கூழ் ஊட்டத் தொடங்கிய நாள் முதலே இந்தத் தவம் நடக்கிறதாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் ஓலை அனுப்பிற்று: இரண்டு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பாவம், ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் வீட்டு இரவுச் சோறு ஒன்றே ஒன்றரை மணி நேரம் நடக்கும் என்பது எப்படித் தெரியும்?

ஒருநாள் மட்டும் சிறு இடறல். தம்பி மனைவி பருப்புச் சோற்று உருண்டைக்குள் கேரட் துண்டு ஒன்றைப் புதைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் விளம்பரம் வந்துவிட்டது. ஐந்தே நொடி. அந்த ஐந்து நொடியில் இளவரசர் தம் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று முதன்முறையாகக் கவனித்தார். நாக்கு நுனியால் கேரட்டைத் தனியே பிரித்து, ஒரு பருக்கைச் சோறும் ஒட்டாமல், அன்னையின் உள்ளங்கையில் துப்பினார். பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னப்பறவை; அது இவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். பிறகு இடக்கைச் சுட்டுவிரலால் விளம்பரத்தைத் தாமே தள்ளிவிட்டார். இன்னும் 'அ' எழுதத் தெரியாது. அந்த இடம் மட்டும் தெரிகிறது. "பார்த்தீங்களா மாமா, எவ்வளவு ஷார்ப்பு!" என்றாள் தாய். பார்த்தேன், மெய்சிலிர்த்தேன்.

இந்த அரசின் நீதிபரிபாலனம் தனிச் சிறப்புடையது. "ரெண்டே ரெண்டு பீன்ஸ், அப்புறம் சாக்லேட்" என்பது சட்டம். மீறினால் பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் என்று தண்டநாயகர்கள் மூவர் வரிசையாக வந்து நிற்பார்கள். இதனால் பாலகர் நாலு வயதிலேயே பொருளாதாரம் கற்றுவிட்டார்: பீன்ஸ் என்பது கூலிக்குச் செய்யும் வேலை, சாக்லேட் என்பது கூலி. வேலையை எவன் விரும்புவான்? அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியல் அறிஞர் 1984-இல் இதையே சோதித்துப் பார்த்தார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு, நாளடைவில் அந்தப் பானத்தின்மீது இருந்த விருப்பமே குறைந்துபோயிற்று. அந்த அம்மையார் ஆய்வுக்கூடம் கட்டிக் கண்டுபிடித்ததை எங்கள் அரண்மனை ஒரு சாக்லேட் செலவில் தினந்தோறும் நிரூபிக்கிறது.

பட்டத்துப் பெயர் சூட்டும் விழாவையும் சொல்ல வேண்டும். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள், "இவன் காயே தொடமாட்டான்!" என்று அறிவிப்பு முழங்கும். 'கடாரம் கொண்டான்' என்பதுபோல் 'காய் தொடான்' என்ற விருதுப் பெயர். பக்கத்தில் நிற்கும் பாலகர் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். இவ்வளவு பெரிய பட்டத்தை ஒரு கரண்டி புடலங்காய்க் கூட்டுக்காக இழப்பதற்கு அவருக்கென்ன பைத்தியமா?

ஒற்றர் படையின் திறமையோ உலகறியாதது. பீட்ரூட் சப்பாத்தி மாவில் மாறுவேடம் பூணும். பசலைக்கீரை பூரியாக உப்பும். கேரட் தோசைமாவில் கரைந்து மறையும். எந்தக் காயும் தன் சொந்த முகத்துடன் அரசவைக்கு வருவதில்லை. இப்படியே போனால் இளவரசர் இருபது வயதில் ஒரு முழுப் பீட்ரூட்டைச் சந்தையில் கண்டு, "இது என்ன ஜந்து?" என்று வினவும் பொற்காலம் நிச்சயம் பிறக்கும். ஒற்றர்கள் பிடிபடும் நாள்களுக்கு மாற்று ஏற்பாடாகச் பாலில் கலக்கிக் குடிக்கும் சாக்லேட் மணப் பொடி டப்பா இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு, இணையக் கடைகள் இவ்வகைப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. கடைக்குத்தானே சொன்னார்கள், அலமாரிக்கு இல்லையே! எங்கள் அடுக்களையில் அது ஆரோக்கியமாகவே வீற்றிருக்கிறது.

இத்தகைய நல்லாட்சிக்கும் பகைவர் உண்டு. புதுக் காய் ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து, சிலருக்குப் பதினைந்து முறைகூடத் தட்டில் வைக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது, சிறிதளவு போதும் என்கிறார்கள். எங்கள் சபையில் இரண்டு முறை வைப்போம். மூன்றாம் முறை, "அவனுக்குப் பிடிக்காது" என்று சாசனம் எழுதிவிடுவோம். எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் ஆட்சியையே பங்கிடச் சொல்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பாம், எவ்வளவு, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் உரிமையாம். நாங்களோ முதல் மூன்றையும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்ச இரண்டுக்காக ஒன்றரை மணி நேரம் மன்றாடுகிறோம். தியாகம் என்பது இதுவன்றோ!

இந்நாட்டு அரசுப் பள்ளிகளின் பரிதாபத்தையும் நினைக்கிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு போதாதென்று, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாம்பார். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்கிறார்கள். கைபேசியார் இல்லை, பூச்சாண்டி இல்லை, கெஞ்ச ஆளில்லை. பக்கத்துத் தட்டில் இருப்பவன் தின்கிறான் என்று இவனும் தின்றுவிடுகிறான். என்ன அநாகரிகம்!

இறுதியாக, இந்தப் பேரரசு ஒரு கணம் ஆட்டங்கண்டு மீண்ட வரலாறு. நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை கைபேசியார் சார்ஜ் இன்றி மூர்ச்சையானார். எங்கள் அம்மா அடுக்களைத் தரையில் அரிவாள்மணையைப் போட்டு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இளவரசர் போய்ப் பாட்டியருகே குந்தினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு நறுக்குவதைத் தொடர்ந்தார். சற்று நேரத்தில் ஒரு சின்னக் கை நீண்டது. நறுக் என்று ஒரு சத்தம். மீண்டும் கை நீண்டது, மீண்டும் நறுக்.

நல்லவேளை, அரசி கண்டுவிட்டார். "ஐயோ, என்னங்க, ஓடி வாங்க! வெள்ளரிக்காய் சாப்பிடுறான்!" மன்னர் பாய்ந்து வந்தார். கைதட்டல். முத்தம். கைபேசியாருக்கு அவசரமாக மின்சாரம் ஊட்டப்பட்டது. "கண்ணா, இன்னொரு வாட்டி சாப்பிடு, வீடியோ எடுக்கணும். பெரியப்பாவுக்குக் காட்டு!" இளவரசர் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். தம் பட்டப்பெயர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தூ என்று துப்பினார். ராஜ்யம் பிழைத்தது. அம்மா மட்டும் தலைநிமிராமல் மிச்ச வெள்ளரியை நறுக்கினார். அவருக்கு அரசியல் தெரியாது.

அன்றிரவு வெள்ளரித் துண்டுகள் இரண்டு தட்டுகளின் விளிம்பிலும் மதிலாக எழுந்தன. எண்ணினேன். தந்தையார் மதிலில் ஆறு, மைந்தர் மதிலில் ஏழு.

தந்தையை விஞ்சிய தனயர் வாழி! விரலால் வழிகாட்டிய மன்னர் வாழி! யாண்டு ஐந்தாவதிலும் இக்கீர்த்தி ஓங்குக!